லண்டன் மண்டிமேல் ஒரு பிராது

1

“அக்கா, செம்பு வெல வுழுந்துடுச்சுக்கா! கொளஞ்சியப்பரு கண்ணத் தொறந்துட்டாரு!”

விருத்தாசலத்திலிருந்து என் தம்பி கொளஞ்சி போனில் இப்படிக் கூவியபோது நான் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். நாங்கள் சாம்பியாவுக்கு வந்து அன்றோடு பத்து வருடம். 2008-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். கேசரி அந்தப் பத்து வருடத்துக்காக என்று வெளியே சொல்லிக்கொண்டாலும், உண்மை வேறு. முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் சுரங்கத்திலிருந்து வந்து, ஹெல்மெட்டைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, “கலா, சொரங்கத்த மூடப் போறாங்களாம்” என்று சொல்லியிருந்தார். கவலை வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ரவை இருந்தது, நெய் இருந்தது, கிளற ஆரம்பித்துவிட்டேன்.

“என்னடா சொன்ன? திருப்பிச் சொல்லு.”

“செம்பு வெலக்கா! பாதிக்குப் பாதி எறங்கிப்போச்சு. பித்தள இனிமே சல்லிசா வரும். எஸ்டேட்டு பூரா ஜாங்கிரி குடுத்துட்டேன். மாமாகிட்டயும் சொல்லிடு, சந்தோசப்படுவாரு.”

கரண்டியை வாணலியிலேயே போட்டுவிட்டேன்.

“டேய் கொளஞ்சி, ஒன் மாமா எந்தச் சொரங்கத்துலடா வேல பாக்குறாரு?”

“சாம்பியாவுல…” என்று ஆரம்பித்தவன் நின்றான். பிறகு மெதுவாக, “அய்யய்யோ” என்றான்.

அவனுக்குத் தெரியாமல் இல்லை. பத்து வருடமாக, “எங்க மாமா ஆப்பிரிக்காவுல செம்புச் சொரங்கத்துல எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன்” என்று பெருமையடித்து வருகிறவன்தான். ஆனால் அவன் மனசில் செம்பு என்றால் சென்னையிலிருந்து லாரியில் வருகிற சரக்கு, மாமா என்றால் விமானத்தில் வருகிற ஆள். இரண்டுக்கும் நடுவில் அவன் முடிச்சே போடவில்லை. கேசரி அடிப்பிடித்துவிட்டது. அதையும் சாப்பிட்டோம்.

2

கொளஞ்சியின் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவன் ஏன் ஜாங்கிரி கொடுத்தான் என்பது புரியாது.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அவனுக்கு ஒரு சின்னப் பட்டறை. பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிறான். மெயின் போர்டில் வெள்ளையாக இருக்கும், கரண்டு போனால் பிடித்து இழுப்போமே, அதுதான். களிமண்ணை அச்சில் அழுத்தி, காயவைத்து, சூளையில் வேகவைத்தால் பீங்கான். மண்ணுக்காக அவன் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. கவலையெல்லாம் அதற்குள் வைக்கிற பித்தளைத் துண்டுக்குத்தான். பித்தளையில் பெரும்பங்கு செம்பு. செம்பு ஏறினால் பித்தளை ஏறும். ஃபியூஸ் கட்டையின் விலையை மட்டும் கடைக்காரர்கள் ஏற்ற விடமாட்டார்கள்.

சீனாவில் கட்டடமாகக் கட்டித் தள்ளுகிறார்கள் என்று சொல்லி, சில வருடங்களாகச் செம்பு ஏறியது, ஏறியது, அப்படி ஏறியது. அந்தக் காலத்தில் கொளஞ்சி போன் செய்தாலே பித்தளைப் புராணம்தான். நான் “ஆமாண்டா, பாவம்டா” என்று கேட்டுக்கொள்வேன். அதே காலத்தில் இங்கே எங்கள் ஊரில் போனஸ் மேல் போனஸ். அவன் ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டே புது ஃப்ரிட்ஜில் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். நானும் முடிச்சுப் போடவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கொளஞ்சி கடைசியில் எங்கள் பக்கத்து ஆள் செய்கிற காரியத்தைச் செய்தான். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினான்.

விருத்தாசலம் பக்கத்தில் பிராது கட்டாத குடும்பம் கிடையாது. மாடு திருடு போனாலும் சரி, பங்காளி வரப்பை நகர்த்தினாலும் சரி, கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் கொளஞ்சியப்பரிடம் போய்விடுவோம். கும்பிட்டுவிட்டு வருகிற சமாசாரம் இல்லை அது. சாமிக்கு முறைப்படி மனு எழுத வேண்டும். மனுதாரர் பேர், ஊர், எதிராளி யார், என்ன குறை, எல்லாம் இருக்க வேண்டும். மனுதாரர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாரோ அதற்கேற்ற ஒரு சின்னக் கட்டணம்கூட உண்டு. மனுவை மடித்துச் சன்னிதியில் கட்டிவிட்டால் கேஸ் நடக்கிறது என்று அர்த்தம். குறை தீர்ந்ததும் திரும்பிப் போய் ‘ராஜினாமா’ கொடுக்க வேண்டும். அதாவது, சாமி, என் கேஸ் முடிந்தது, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேஸ் நடந்துகொண்டே இருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை.

கொளஞ்சி கட்டிய பிராதின் சாரம்: செம்பு விலை இறங்க வேண்டும். அவன் எழுதாமல் விட்டது: எதுவரைக்கும்.

3

எங்கள் ஊர் காப்பர்பெல்ட் வட்டாரத்தில் ஒரு சுரங்க ஊர். வட்டாரத்தின் பேரிலேயே செம்பு. ஆஸ்பத்திரி சுரங்கத்தினுடையது, கால்பந்து டீம் சுரங்கத்தினுடையது, நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடமும் சுரங்கத்தினுடையது. சுரங்கத்துச் சங்கு ஊதினால்தான் ஊருக்கே விடியும்.

மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்த பிறகு நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் முடி பின்னுகிற கடைகளில் கூட்டம் குறைந்தது. இங்கே பெண்களுக்குத் தலைப்பின்னல் என்பது நம்மூர்ப் பட்டுப்புடவை மாதிரி. அதை விட்டுவிட்டார்கள் என்றால் நிலைமை மோசம். அடுத்து, சந்தையில் தக்காளிக் கூறு பெரிதானது, வாங்க ஆள் இல்லாததால். மினிபஸ்காரர்கள் ஆள் சேர்கிறவரை கிளம்ப மறுத்தார்கள், ஆளும் சேரவில்லை. இந்த ஊர்ப் பணமான குவாச்சா மளமளவென்று மதிப்பு இறங்கியது. வெளிநாட்டிலிருந்து வருகிற சமையல் எண்ணெயும் மருந்தும் சோப்பும் ஏறின. தலை பின்னுகிறவளும் தக்காளி விற்கிறவளும் வாழ்க்கையில் செம்பைத் தொட்டதுகூட இல்லை. அடி மட்டும் அவர்களுக்குத்தான் முதலில் விழுந்தது.

“அமெரிக்காவில் யாரோ வீட்டுக் கடன் கட்டவில்லையாமே டீச்சர், அதற்கு எங்கப்பாவுக்கு ஏன் வேலை போக வேண்டும்?” என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். கணக்கு டீச்சர் ஆயிற்றே, கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினேன். அமெரிக்காவில் வீடு கட்டுவது நின்றது, வீட்டுக்கு ஒயர் வேண்டாம், ஒயர் வேண்டாமென்றால் செம்பு வேண்டாம், செம்பு வேண்டாமென்றால் நாம் வேண்டாம். கடைசி அம்புக்குறியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரியாமல் மணியடித்துவிட்டது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். மணி அடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் விருத்தாசலத்தை அடுத்த மங்களூர் ஒன்றியத்துக்காரர், பருத்தி போடுகிற குடும்பம். அவர் இன்னும் எளிதாகச் சொன்னார். “எங்க பக்கம் எல்லாரும் பருத்தியே போட்ட வருசம் இப்படித்தான். வெல வுழுந்துச்சுன்னா ஒருத்தனுக்கு ஒருத்தன் ஒதவக்கூட முடியாது. பக்கத்து வூட்டுலயும் பருத்திதான் கெடக்கும். இங்க ஒரு நாடே பருத்தி போட்டுருக்குது, அவ்ளோதான்.”

சொன்னபடியே சுரங்கத்தை மூடினார்கள். அப்புறம் பெர்மிட் ஆபீஸ். வேலை இருந்தால்தான் எங்களுக்கு இங்கே இருக்க அனுமதி. எனக்குப் பயம் வந்தால் இங்கிலீஷிலும் நம்மூர் மரியாதை வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த ஆபீசர் அம்மாவிடம் நான், “யெஸ்ங்க மேடம்… நோங்க மேடம்” என்று உளற, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: பள்ளிக்கூடம் இந்தப் பருவத் தேர்வு முடிகிறவரை நடக்கும், அதுவரை நீங்கள் இருக்கலாம், அதற்குள் சுரங்கம் திறக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

கிளம்புவது என்றால் எப்படி? வீட்டுக்காரர் வளைகுடா பக்கம் வேலை தேடிப் போவார். நானும் மகள் யாழினியும் விருத்தாசலம் போவோம். அவர் ஒரு மூலை, நாங்கள் ஒரு மூலை. பத்து வருடமாக ஒன்றாகச் சாப்பிட்ட மூன்று தட்டு பிரியப் போகிறது.

யாழினிக்குப் பதின்மூன்று வயது. கனவில்கூட இந்த ஊர்ப் பெம்பா மொழியில்தான் பேசுவாள். என்னிடம் தமிழில் பேசினாலும், கோபம் வந்தால் தமிழ் அவளுக்குப் பற்றாது. மாமன் பிராது கட்டிய கதையை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

“மாமா எதுக்கு எங்க செம்புக்கு எதிரா சாமிகிட்ட போனாங்க?” என்று கேட்டாள்.

‘எங்க செம்பு’ என்றாள். எனக்கு ஒருபக்கம் சுருக்கென்றது, இன்னொரு பக்கம் சிரிப்பு. விருத்தாசலத்து ரத்தம், மங்களூர்ப் பருத்தி, சாம்பியாச் செம்பு. சரிதான், போ.

4

நான் கணக்கு டீச்சர். சாமி மனுவுக்கும் சந்தை விலைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அடுத்த வாரம் கொளஞ்சிக்குப் போன் போட்டு என்ன சொன்னேன் தெரியுமா?

“நீ கேட்டது கெடச்சிடுச்சுல்ல? ஒடனே போயி ராஜினாமா குடுத்துட்டு வா. பிராது அங்க தொங்குற வரைக்கும் வெல எறங்கிக்கிட்டேதான்டா இருக்கும்.”

வீட்டுக்காரர் நாளிதழுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பார்வையை நான் கண்டுகொள்ளவில்லை.

கொளஞ்சி மென்று முழுங்கினான். “குடுக்குறேன்க்கா. ஆனா ஒரு ரெண்டு மாசம் போவட்டுமே. நாலு வருசமா மூச்சு முட்டிக் கெடந்தேன், இப்பதான் நிமிர்றேன். பட்டறையில வேல செய்யிற பொம்பளைங்களுக்குக் கூலி ஏத்தித் தரேன்னு வாய் வுட்டுட்டேன். இப்ப போயி வெல ஏறட்டும்னு எப்புடிக்கா எழுதறது?”

“ஓஹோ. அந்த ரெண்டு மாசமும் நாங்க என்ன திங்கிறது? ஒன் ஜாங்கிரியவா?”

“அப்புடி இல்லக்கா…”

“எப்புடி இல்ல? ஒனக்கு அக்காவ வுடப் பித்தள பெருசாப் போச்சு. வையிடா போன.”

வையிடா என்று சொல்லிவிட்டு நானே வைத்தேன். அதற்கப்புறம் நானும் கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடவில்லை. பொங்கல் வந்தது. பொங்கலன்று அவன் குரல் கேட்காமல் நான் இருந்ததே கிடையாது. “பொங்கிடுச்சாக்கா?” என்று கேட்பான், நான் “பொங்கிடுச்சுடா” என்பேன், அவ்வளவுதான் பேச்சு. அந்த வருடம் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, போன் அடிக்கவில்லை. அழுதேன். வெங்காயம் நறுக்கினேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பொங்கலுக்கு எதற்கு வெங்காயம் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

மாசி பிறந்த பிறகு ஒருநாள் போன். கொளஞ்சி இல்லை, அவன் பெண்டாட்டி மலர்.

“அண்ணி, நல்லாருக்கீங்களா? அவரு கூப்புட வெக்கப்பட்டுக்கினு கெடக்குறாரு. நான்தான் திருட்டுத்தனமாப் பண்றேன்.”

“என்ன வெக்கம் தொரைக்கு? பித்தளதான் சல்லிசா கெடைக்குதே.”

“கெடைக்குது அண்ணி. மூட்ட மூட்டயா வாங்கிப் போட்டுருக்குது. அத வச்சிச் செஞ்ச கட்டைய வாங்கத்தான் ஒரு நாதியும் இல்ல. வூடு கட்டுறவங்கல்லாம் அப்புடியப்புடியே நிறுத்திட்டாங்களாம். மெட்ராஸ்லேருந்து ஆர்டரே வர்ல. சூளைய ஏத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. ஜாங்கிரி வாங்கித் தின்ன அத்தன பேரும், ‘என்னா மொதலாளி, செம்பு எறங்கிடுச்சே, இன்னும் ஏன் மூஞ்சி எறங்கியிருக்குது’ன்னு கேக்குறாங்களாம். இவரு டீக்கடைப் பக்கமே போறதில்ல.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பின்னால் கொளஞ்சியின் குரல் கேட்டது. “யாரு, அக்காவா? குடுடி இப்புடி.”

“அக்கா” என்றான். “சூளைய அணைச்சு வச்சிட்டு அதும் பக்கத்துல ஒக்கார முடியலக்கா. வுடு. மாமா எப்புடி இருக்காரு?”

“வூட்டுல இருக்குற ஃபேனையெல்லாம் கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டிருக்காரு. நல்லா ஓடிக்கிட்டிருந்த மிக்சி போச்சு.”

இரண்டு பேரும் சிரித்தோம். கரும்பலகையில் அன்று நான் நிறுத்த முடியாத கடைசி அம்புக்குறி எங்கே போய் நின்றதென்று இப்போது தெரிந்தது. என் தம்பியின் சூளையில். வாங்க ஆளில்லாமல்தான் செம்பு விழுந்தது. செம்பையே வாங்க ஆளில்லாத உலகத்தில் ஃபியூஸ் கட்டையை யார் வாங்குவார்கள்? அவன் கேட்ட வரம் கிடைத்தது, அதை அனுபவிக்கச் சந்தை இல்லை. படித்தவள் நானும் இதை யோசிக்கவில்லை, பட்டறைக்காரன் அவனும் யோசிக்கவில்லை.

“இப்ப என்னாடா பண்றது?”

“பழசுக்கு ராஜினாமா குடுத்துட்டு, புதுசா ஒண்ணு கட்டுவம்க்கா. ரெண்டு பேருமாச் சேந்து.”

5

கொளஞ்சி கோயிலுக்குப் போன அன்று எங்கள் பள்ளிக்கூடம் லீவு. பக்கத்து வீட்டு முலெங்கா என் அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்தான். அவள் கணவர் பூமிக்கடியில் பாறை துளைக்கிறவர், வேலை போய் வீட்டில் இருந்தார். அவள் கொண்டுவந்த மக்காச்சோளக் களிக்கு நான் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா, மனு எழுதுறவருகிட்ட போனக் குடுக்குறேன், நீயே சொல்லு. எனக்கு நாக்கு பொரளுது.”

வயதான ஒரு குரல் வந்தது. “சொல்லுங்கம்மா. எதிராளி யாரு?”

“செம்பு வெல வைக்கிறவங்கங்க.”

“அவங்க எந்த ஊரு?”

“லண்டன்ங்க.”

“பேரு?”

“பேரெல்லாம் தெரியாதுங்க. அங்க ஒரு எடத்துல வட்டமா ஒக்காந்துக்கிட்டு, நான் இவ்ளோவுக்கு வாங்கறேன், நீ இவ்ளோவுக்குக் குடுன்னு கூவுவாங்களாம். அதான் ஒலகத்துக்கே வெல.”

“தோண்டி எடுக்குறது யாரு?”

“இங்க சாம்பியாவுலங்க.”

“தோண்டுறவங்க வெல சொல்ல முடியாதா?”

“முடியாதுங்க.”

“நம்ம முந்திரிக்காரங்க கத மாரிதான்னு சொல்லுங்க, மண்டிக்காரன் சொல்றதுதான் வெல. அப்ப அது மண்டிம்மா. எதிராளி, லண்டன் மண்டின்னு போட்டுக்கிறேன்.” பேனா எழுதுகிற சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. “சரி, மனுதாரர் ஊர்லேருந்து கோயிலுக்கு எவ்ளோ தூரம்? அதுக்குத் தவுந்தாப்ல கட்டணும்.”

நான் யாழினியைப் பார்த்தேன். அவள் அட்லஸை விரித்து நூலை வைத்து அளக்க ஆரம்பித்தாள். நூல் இந்துமகா சமுத்திரத்தின் நடுவில் தீர்ந்துபோனது.

“பஸ் ரூட்டா, ரயில் ரூட்டா?” என்று குரல் கேட்டது.

“ரெண்டும் இல்லைங்க. நடுவுல கடலு.”

“கடலுக்கு நாங்க இதுவரைக்கும் போட்டதில்லியே” என்று அவர் யோசித்தார். கொளஞ்சி ஏதோ சொல்வது கேட்டது. பிறகு பெரியவர், “நீங்க ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்களா?” என்றார்.

“ஆமாங்க.”

“அத மொதல்லயே சொல்லக் கூடாதா? கூடப் பொறந்தவங்க எங்க போனாலும் வூடு ஒண்ணுதானே. தம்பி ஊரு விருத்தாசலம், அந்தத் தூரம் போட்டாப் போதும். கோரிக்கை என்னா? ஏறணுமா, எறங்கணுமா?”

அந்தக் கேள்வியில்தான் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம். நான் “ஏற…” என்று ஆரம்பித்தேன். கொளஞ்சி அங்கே “எறங்…” என்று ஆரம்பித்தான். பெரியவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். “சாமிகிட்ட ரெண்டு தீர்ப்பா கேக்கப் போறீங்க? ஒண்ணாச் சொல்லுங்க” என்றார்.

முலெங்கா என்ன நடக்கிறது என்று கேட்டாள். யாழினி பெம்பாவில் சொன்னாள். முலெங்கா களியை உருட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, என் மெயின் போர்டைக் கைகாட்டினாள். அதில் இருப்பது கொளஞ்சி செய்த ஃபியூஸ் கட்டை. ஒருமுறை லீவுக்குப் போனபோது பெட்டி நிறையத் திணித்துவிட்டான். விமான நிலையத்துச் சுங்க அதிகாரி, இதென்ன பொம்மையா, பூசைச் சாமானா என்று கேட்டு அரைநாள் உட்கார வைத்தார். அவருக்கே ஒன்று கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தோம். முலெங்கா வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன். “உன் தம்பி செய்தது என் வீட்டில் விளக்கெரிய வைக்கிறது. அதற்குள் இருக்கிற செம்பு என் புருஷன் தோண்டியதாகக்கூட இருக்கலாம். அவன் வீடும் இருட்டாகக் கூடாது, என் வீடும் இருட்டாகக் கூடாது. அப்படி ஒரு விலை இல்லையா? அதைக் கேள். என் பெயரையும் சேர்.”

இதைப் பெரியவரிடம் அப்படியே சொன்னேன். “அந்தம்மா பேரு என்னா? மு… லெங்… கா. சரி. இனிஷியல் உண்டா?” என்று கேட்டு எழுதிக்கொண்டார். ‘லண்டன் மண்டியில் செம்பு விலை ரெண்டு ஊரு அடுப்பும் எரியிறாப்ல நெலையா நிக்கணும்’ என்று படித்துக்காட்டினார். கொளஞ்சி கையெழுத்துப் போட்டான். எங்கள் கையெழுத்துக்குப் பதிலாக அடுக்களையில் மூன்று பேரும் கைதட்டினோம்.

6

சாமி கேட்டாரா, சீனா கேட்டதா என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று நின்ற சீனா திரும்பவும் வாங்க ஆரம்பித்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். விலை மெல்ல ஏறியது. பருவத் தேர்வு முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது சுரங்கத்தைப் புது முதலாளி வாங்குகிறார் என்ற பேச்சு வந்தது. பழைய பித்தளை ஸ்விட்சையெல்லாம் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைத் தேடி வந்து, தண்ணீர் இறைக்கிற மோட்டார்களை ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார், கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

பெர்மிட் ஆபீசர் அம்மா முத்திரை குத்திவிட்டு, “யெஸ்ங்க” என்று சொல்லிக் கொடுத்தார். முலெங்காவின் கணவர் அதற்குப் பிறகு இரண்டு மாதம் காத்திருந்தார். அவர் முதல் ஷிஃப்டுக்குப் போன அன்று சங்கு ஊதியபோது எங்கள் தெருவே வாசலில் நின்றது. முலெங்கா அந்த வாரமே தலை பின்னிக்கொண்டாள். விருத்தாசலத்திலும் பாதியில் நின்ற வீடுகளுக்கு மறுபடி கொத்தனார் வந்தார்கள். கொளஞ்சி சூளையை ஏற்றிய அன்று போன் செய்து, ஒன்றும் பேசாமல், பர்னர் சத்தத்தை மட்டும் எனக்குக் கேட்க வைத்தான்.

அந்த வருடக் கடைசி விடுமுறையில் ஊருக்குப் போனோம். ஜங்ஷனில் இறங்கியதும் கொளஞ்சி வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆட்டோவை நேரே மணவாளநல்லூருக்கு விடச் சொன்னான். மனு எழுதுகிற பெரியவரை அன்றுதான் நேரில் பார்த்தேன். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

“லண்டன் மண்டி அம்மாவா?” என்று கேட்டார். “வாங்க, வாங்க. கேஸ் முடிஞ்சுதா? ராஜினாமா எழுதட்டுமா?”

நான் எழுதுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். கொளஞ்சியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா.”

“சொல்லுடா.”

“மறுபடி ஏறிக்கிட்டே போவுதுக்கா. போன மாசத்துக்கு இந்த மாசம் பித்தள வெலயப் பாத்தா பழையபடி ஆயிடும் போலருக்குது. நான் இத ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அங்க நீங்கல்லாம் சந்தோசமா இருக்கீங்க.”

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்கள் பழைய வாசகத்தை நினைவுபடுத்தினார். “நெலையா நிக்கணும்னுதானம்மா கேட்டிருந்தீங்க? நிக்குதா?”

“இல்லைங்க.”

“அப்ப கேஸ் நடந்துக்கிட்டுதான் இருக்குது. ஒரு தேங்கா ஒடச்சிட்டுப் போங்க, ராஜினாமா வாணாம்.”

தேங்காய் உடைத்தோம். யாழினி முலெங்காவின் பேருக்கும் ஒரு அர்ச்சனை செய்யச் சொன்னாள், ராசி நட்சத்திரம் கேட்டதற்குக் காப்பர்பெல்ட் என்றாள். வெளியே ஆட்டோ ஏறும்போது கொளஞ்சி என் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

“வெல ஏறட்டும்க்கா. மாமாவுக்கு நல்லதுதானே. ஆனா மெதுவா ஏறச் சொல்லு. நானும் பின்னாடியே வரணும்ல.”

“சரிடா” என்றேன். எனக்கு லண்டனில் யாரையும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் மணவாளநல்லூரில்தான் இருக்கிறார். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி சன்னிதிக்குப் போய், தம்பி சொன்னதை அப்படியே அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.